உடைத்த முகத்தைப் பார்த்து வாங்குங்கள்: வன்னியில் கட்டடக் கல்லை இனங்காணும் முறை

வன்னியில் அத்திவாரத்துக்குக் கல் வாங்கும் ஒருவர் பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துவார்: கருங்கல். விற்பவரும் அதே சொல்லைச் சொல்லித்தான் கல்லைக் கொண்டுவந்து வளவில் கொட்டுவார். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் நைஸ், கிரனைட், சார்னோக்கைட், ஹோர்ன்பிளெண்ட் என்னும் கறுப்புக் கனிமம் மிகுந்த கரும்பாறை எனக் குணத்தால் வேறுபட்ட பல பாறைகள் அடங்குகின்றன. அவை ஒவ்வொன்றிலும் தலைமுறை தாண்டி நிற்கும் கல்லும் உண்டு, கையால் நொறுக்கக்கூடிய உக்கிய கல்லும் உண்டு. முதன்முறையாகக் கல் வாங்குவோரும், மேசன் வேலை பழகத் தொடங்கியிருக்கும் இளைஞரும் இவற்றைத் தாமாகவே பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் பொறுப்பேற்றுக் கட்டிய வீட்டுக்கு மூன்று கியூப் கல் வந்தது. ஒரு கியூப் என்பது 100 கன அடி. இடைவெளிகளைக் கழித்தாலும் ஏறத்தாழ நான்கு தொன் கல். மேலே கிடந்தவை நீலம் பாய்ந்த நல்ல கற்கள். அடியில் கிடந்தவையோ மைக்கா என்னும் தகட்டுக் கனிமம் மின்னும் பழுப்புக் கற்கள். அலவாங்கால் தட்டியதும் அவை தட்டுத்தட்டாகப் பிரிந்தன. நான் அதைக் கவனிப்பதற்குள் ஒரு பக்கத்து அத்திவாரம் அந்தக் கற்களாலேயே எழும்பிவிட்டது. அதைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. அந்தச் செலவைத் தாங்கக்கூடிய குடும்பம் அல்ல அது. அன்று முதல், எந்த லோட் வந்தாலும் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என மூன்று கற்களையாவது உடைத்துப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை.

முதலில் நிலத்தை அறிந்துகொள்ளுங்கள்

ஒரு கல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரிந்தால், அது என்னவாக இருக்கலாம் என்ற கேள்வியின் பாதி தீர்ந்துவிடும். இலங்கையின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு, கேம்பிரியன் என்னும் மிகத் தொன்மையான புவிக் காலத்துக்கும் முன் தோன்றி, கடும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய பாறைகளால் ஆனது. புவிச்சரிதவியலாளர் அவற்றை மேட்டுநிலத் தொகுதி, வன்னித் தொகுதி, விஜயன் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி என நான்காகப் பிரிக்கின்றனர். வன்னித் தொகுதி நம் மண்ணின் பெயரைத் தாங்கினாலும் வன்னியோடு நின்றுவிடுவதில்லை. தெற்கே குருநாகலையும் கடந்து கொழும்புப் பக்கம்வரை நீள்கிறது. வவுனியா, ஓமந்தை, செட்டிகுளம், நெடுங்கேணிப் பக்கங்களில் நிலத்துக்கு மேலே தலைகாட்டும் பாறைகள் பெரும்பாலும் இந்த இனத்தவை. அவை இறுதியாக உருமாறி ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

பூநகரிக்கோ மன்னார்க் கரையோரத்துக்கோ போனால் நிலமே வேறு. அங்கே அடியில் இருப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ளதைப் போன்ற மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்; 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆழமற்ற கடலில் படிந்தது. கருங்கல்லோடு ஒப்பிட்டால் அது நேற்றுப் பிறந்த குழந்தை. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் அங்கேயே வெட்டப்பட்டது. களிமண் முருங்கனிலிருந்து சென்றது.

இவ்விரண்டுக்கும் மேலே பல இடங்களில் செம்மண்ணும் அதன் அடியில் கூழாங்கற்படையும் கிடக்கின்றன. இந்தப் படிவுக்குப் புவிச்சரிதவியலில் இரணைமடுவின் பெயரே இடப்பட்டுள்ளது. கற்கால மனிதர் செய்த கருவிகள் இந்தக் கூழாங்கற்படைகளில் கிடைத்திருக்கின்றன என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் உருண்டு வழவழப்பான கூழாங்கல்லைச் சாந்து இறுகப் பற்றாது. சுவருக்கு அது ஏற்ற கல் அன்று.

ஊர்ப் பெயர்களும் சில வேளைகளில் வழிகாட்டும். வவுனியா நகரில் கற்குழி என்ற இடம் இருக்கிறது; கிளிநொச்சியில் கல்மடு இருக்கிறது. பெயர் வைத்த முன்னோர் நிலத்தைப் பார்த்தே வைத்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். ஆயினும் பெயரைச் சான்றாகக் கொள்ளாமல், தேடத் தொடங்கும் இடமாக மட்டும் கொள்வது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். பாறை பார்க்கும் ஆர்வத்தில் பழக்கமில்லாத காட்டுக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றப்படாத இடங்கள் வன்னியில் இருந்திருக்கின்றன. மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் அந்த இடத்திலேயே நின்று, வந்த தடத்திலேயே திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஊரவரைக் கேட்ட பின்பே பாதையை விட்டு இறங்குங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை

இரண்டு இறாத்தல் சுத்தியல், கண்ணைக் காக்கும் கண்ணாடி, உருக்குக் கத்தி, பத்து மடங்கு பெருக்கும் சிறு கைவில்லை, ஒரு போத்தல் தண்ணீர், சிறு போத்தலில் வினாகிரி அல்லது ஒரு தேசிக்காய், மீன் நிறுப்பதற்குப் பயன்படும் தொங்கு தராசு, சமையலறை இலத்திரனியல் தராசு ஆகியவை போதும். இலங்கையின் கனிப்பொருள் அளவைக்கு 1903இல் முதற் பணிப்பாளராக அமர்ந்த ஆனந்த குமாரசாமியை நாம் கலை வரலாற்றாசிரியராகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவர் முதலில் பயின்றது புவிச்சரிதவியல், தோரியனைற்று என்ற கனிமத்தை உலகுக்கு அறியத்தந்தவரும் அவரே. கல்லைப் பார்க்கும் படிப்பு நம்மவருக்கு அந்நியமானது அன்று என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

முதற் படி: புதிய முகத்தை உண்டாக்குங்கள்

வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் தோல் எதையும் சொல்லாது. கரும்பாறையின் தோல் வெளிறிப் பழுப்பாகியிருக்கும். வெண்பாறையின் தோல் பாசியால் கறுத்திருக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவுக்கு வராமல், கல்லின் ஒரு மூலையைச் சுத்தியலால் தட்டி, உள்ளங்கையளவு புதிய முகம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். கண்ணாடி அணியாமல் இதைச் செய்ய வேண்டாம். திறந்த முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் தூசி நீங்கி மணிகள் தெளிவாகத் தெரியும். இனிச் சொல்லப்படும் சோதனைகள் யாவும் இந்த முகத்திலேயே செய்யப்பட வேண்டும்.

இரண்டாம் படி: கத்தியும் தேசிக்காயும்

கத்தி முனையால் புதிய முகத்தில் அழுத்திக் கீறுங்கள். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் உருக்குக் கத்தி ஏறத்தாழ 5½ நிலையில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கல்சைட்டு 3. அதனால் கத்தி அதை எளிதில் கீறி வெள்ளைத் தூள் எடுக்கும். கருங்கல்லில் உள்ள கனிமங்களான பெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. இவற்றைக் கத்தி கீறாது, கத்தியின் உலோகம்தான் கல்லில் சாம்பல் நிறக் கோடாக ஒட்டும். அந்தக் கோட்டைக் கீறல் என்று புதியவர்கள் நினைத்துவிடுவது வழக்கம். விரலை ஈரமாக்கித் தேய்த்து, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

கத்தி கீறிய கல்லில் இரண்டு துளி வினாகிரியை விடுங்கள். தேசிக்காய்ச் சாறும் போதும், ஆனால் பொங்குதல் மெதுவாக இருக்கும். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், அல்லது உருமாறிய சுண்ணாம்புக்கல்லாகிய மாபிள். மாத்தளை, திகனைப் பக்கங்களிலிருந்து வரும் தொலமைட்டு அப்படியே விட்டால் நுரைக்காது. கத்தியால் சுரண்டித் தூளாக்கி, அந்தத் தூளில் அமிலத்தை விட்டால்தான் மெல்ல நுரைக்கும். வெள்ளையாக இருந்தும் கத்தியால் கீற முடியாமல், அமிலத்துக்கும் அசையாமல், உடைத்த இடம் கண்ணாடிபோல் வளைந்து மின்னினால் அது குவார்ட்ஸ். வெள்ளைக் கல்லெல்லாம் சுண்ணாம்புக்கல் என்று நினைத்துச் சூளைக்கு ஏற்றிய ஒருவரை நான் அறிவேன். எவ்வளவு எரித்தும் அது சுண்ணாம்பாகவில்லை.

மூன்றாம் படி: மணிகளைப் படியுங்கள்

இந்தப் படியே முழுமையான கவனத்தைக் கேட்பது. அமிலத்துக்கு அசையாத கடினமான கல்லின் புதிய முகத்தைக் கைவில்லையால் பார்க்கும்போது, முதலில் ஒவ்வொரு கனிமத்தையும் தனித்தனியே அடையாளம் கண்டுகொள்ளுங்கள். உடைந்த கண்ணாடித் துண்டுபோல் ஒழுங்கற்று, புகை நிறமாகவோ நிறமற்றோ இருப்பது குவார்ட்ஸ். வெள்ளை, இளஞ்சிவப்பு அல்லது பச்சைச் சாயலோடு, கல்லைத் திருப்பும்போது தட்டையான முகம் திடீரென்று பளிச்சிடுவது பெல்ஸ்பார். கத்தி முனையால் இதழ் இதழாகக் கிளறி எடுக்கக்கூடிய கறுப்புத் தகடு மைக்கா. மைக்காவைப் போலவே கறுத்து, இதழாகப் பிரியாமல் குச்சி வடிவில் கிடப்பது ஹோர்ன்பிளெண்ட். இடையிடையே மாதுளை முத்துப்போல் சிவந்த உருண்டை மணிகள் இருந்தால் அவை கார்னெட்.

இனி அந்த மணிகள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். வெளுத்த பட்டையும் கறுத்த பட்டையும் மாறி மாறி, சேலைக்கரைபோல் ஓடினால் அது நைஸ். வன்னியில் கருங்கல் என்று விற்கப்படுவதில் நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போவது இதுவே. அதன் குணம் அந்தப் பட்டைகளில்தான் இருக்கிறது. கறுத்த பட்டை மெல்லியதாகவும் தொடர்ச்சியற்றதாகவும் இருந்தால் கல் எந்தப் பக்கமும் ஏறத்தாழ ஒரே உறுதியோடு நிற்கும். கறுத்த பட்டை விரல் தடிப்பில், மைக்கா நிறைந்து, கல்லின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடினால், அந்தப் பட்டைவழியே தண்ணீர் புகும், மைக்காவிலுள்ள இரும்பு துருவேறும், சில ஆண்டுகளில் கல் தட்டுத்தட்டாகப் பிரியும். என் முதல் வீட்டுக்கு வந்த லோட்டின் அடியில் கிடந்தது இத்தகைய கல்தான்.

பட்டைகளே இல்லாமல், மணிகள் எல்லாத் திசையிலும் ஒன்றையொன்று கோத்துக் கிடந்தால் அது கிரனைட். உருகிய குழம்பு நிலத்தின் ஆழத்தில் மெதுவாக இறுகியதால் உண்டான தீப்பாறை என்பதால், தட்டாகப் பிரியும் படுக்கை அதற்கு இல்லை. தேவையான வடிவத்துக்குச் செதுக்கலாம். வன்னித் தொகுதியில் புவிச்சரிதவியலாளர் பெரிதும் பேசுவது புத்தளம் மாவட்டத்துத் தோணிகலவின் இளஞ்சிவப்புக் கிரனைட்டை. கடைகளில் ‘கிரனைட்’ என்று விற்கப்படும் மினுக்கிய தரைக்கற்களில் பல உண்மையில் கிரனைட் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்; மினுக்கக்கூடிய கடினக் கல் எல்லாவற்றுக்கும் வியாபாரத்தில் அந்தப் பெயரே வழங்குகிறது.

சார்னோக்கைட்டை இனங்காண்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். புதிய முகம் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கி, பச்சையும் நீலமும் கலந்த கருமையாக இருக்கும். அதன் பெல்ஸ்பார்கூட வெள்ளையாக இல்லாமல் பச்சைச் சாயல் கொண்டிருக்கும். வெயிலில் கிடந்த தோலோ பழுப்பாகவோ வெளிறியோ இருப்பதால், உடைக்காமல் பார்த்தால் இது நல்ல கல்லா என்ற ஐயமே எழும். இதன் பெயருக்கும் தமிழ்நிலத்தோடு தொடர்பு உண்டு. கொல்கத்தாவில் ஜோப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருக்கும் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவிச்சரிதவியலாளரே இப்பெயரை இட்டார். அந்தக் கல் போனது சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலைப் பக்கத்திலிருந்து. அத்திவாரத்துக்கும் சல்லிக்கும் இதைவிடச் சிறந்த கல்லை நான் விரும்பிக் கேட்பதில்லை. உடைப்பவருக்குக் கை வலிக்கும் என்பது உண்மை.

முற்றிலும் கறுத்து, கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனத்து, ஹோர்ன்பிளெண்ட் குச்சிகள் நிறைந்திருந்தால் அது ஆம்பிபோலைட் என்னும் பாறை. புதிதாக இருந்தால் உறுதியானது.

சுண்ணாம்புக்கல்லில் நைஸின் பட்டையோ கிரனைட்டின் மணிகளோ இருக்காது. வெண்மை அல்லது பாலேட்டு நிறத்தில், சிப்பி, சங்கு ஆகியவற்றின் உடைவுகளும் சிறு குழிகளும் தெரியும். மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு சற்றுப் புளிப்பாகவே விழுவதால், காலப்போக்கில் அது இந்தக் கல்லைக் கரைக்கிறது. குழிகள் பெருகிய கல்லை ஈரம் ஏறும் அத்திவாரத்துக்கு வைக்காதீர்கள். குழியற்ற, இறுகிய சுண்ணாம்புக்கல் மதிலுக்கும் தாழ்ந்த சுவருக்கும் போதும். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவை எரித்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மீதி வாயுவாகப் போய்விடும். முருகைக்கல் இதற்கு உறவுக்கல். யாழ்ப்பாணக் கோட்டை அந்தக் கல்லால் எழுந்தது. இன்று கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது சட்டவிரோதம்; மீன் பெருகும் இடத்தை அழிப்பதுமாகும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கிரவல் என நாம் அழைக்கும் செம்பழுப்புச் சரளை, வீதிக்கும் நிலம் உயர்த்தவும் உதவும், சுவர்க்கல் அன்று.

நான்காம் படி: இனம் தெரிந்த பின் உறுதியைச் சோதியுங்கள்

நல்ல இனத்துக் கல்லிலும் கெட்ட கல் இருப்பதால், பெயரைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிவதில்லை. கல்லை நிலத்திலிருந்து தூக்கி இன்னொரு கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் உள்ளே வெடிப்பு இல்லை. பொத்தென்று கேட்டால் ஒதுக்கிவிடுங்கள். மண்ணில் கிடக்கும்போதே தட்டினால் நல்ல கல்லும் பொத்தென்றுதான் ஒலிக்கும் என்பதால் தூக்கி வைப்பதை மறக்க வேண்டாம்.

குவாரியில் வெடிமருந்து வைத்து உடைத்த கல்லில் மயிரிழை வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். கல்லை முழுதும் நனைத்து நிழலில் காயவிடுங்கள். மேற்பரப்பு வெளுத்த பின்பும் ஈரம் காயாமல் கறுத்த கோடு ஒன்று நின்றால், அதுதான் வெடிப்பு.

நீர் உறிஞ்சும் அளவைப் பார்க்க, நன்கு காய்ந்த துண்டு ஒன்றை நிறுத்து, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, துணியால் துடைத்து மீண்டும் நிறுங்கள். 1,000 கிராம் கல் 1,004 கிராம் ஆனால் உறிஞ்சியது 0.4 வீதம். புதிய கிரனைட்டும் நைஸும் பொதுவாக 1 வீதத்துக்குள் நிற்கும். 5 வீதத்தைத் தாண்டும் எந்தக் கல்லையும் சுவருக்கு வைக்காதீர்கள். இதற்குச் சமையலறையில் பயன்படும் இலத்திரனியல் தராசு வேண்டும். தொங்கு தராசு இவ்வளவு நுணுக்கமாகக் காட்டாது.

தொங்கு தராசால் அடர்த்தியை அறியலாம். கல்லைக் கயிற்றில் கட்டிக் காற்றில் நிறுங்கள். பிறகு வாளித் தண்ணீரில் முழுதும் மூழ்கத் தொங்கவிட்டு நிறுங்கள். காற்றிலுள்ள நிறையை இரு நிறைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் விடை கிடைக்கும். காற்றில் 2.7 கிலோவும் நீரில் 1.7 கிலோவும் காட்டினால் அது 2.7. நைஸும் கிரனைட்டும் 2.6க்கும் 2.8க்கும் இடையில் இருக்கும். ஆம்பிபோலைட் 3ஐ எட்டும். குழியுள்ள சுண்ணாம்புக்கல் இவற்றுக்குக் கீழே நிற்கும்.

கல் உக்கத் தொடங்கியிருக்கிறதா என்பதை ஒரு கண்ணாடிப் போத்தலே சொல்லிவிடும். கடலையளவு சில்லுகளைக் கழுவி, போத்தலில் தண்ணீரோடு இட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் குலுக்குங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது. கலங்கினால், பெல்ஸ்பார் களிமண்ணாக மாறிக்கொண்டிருக்கிறது.

இடிந்த வீட்டுக் கற்களைப் பற்றி

மீள்குடியேறிய குடும்பங்கள் பல, தம் பழைய வீட்டின் அத்திவாரக் கற்களையே எடுத்துப் புதிய வீட்டுக்கு வைக்க விரும்புகின்றன. செலவைக் குறைக்க மட்டுமன்றி, தாயும் தகப்பனும் வைத்த கல் என்பதற்காகவும் அப்படிக் கேட்கிறார்கள். அந்த விருப்பத்தை மறுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் தீயில் வெந்த கல்லைப் பிரித்தெடுக்கத் தெரிய வேண்டும். குவார்ட்ஸ் 573 பாகை செல்சியசில் அமைப்பு மாறித் திடீரென விரிகிறது. அந்த வெப்பத்தைக் கண்ட நைஸும் கிரனைட்டும் உள்ளே நொறுங்கியிருக்கும். வெளியே கல் முழுமையாகத் தெரிந்தாலும் தட்டினால் ஒலிக்காது. மூலையை விரலால் நெருடினால் மணிகள் உதிரும். இரும்பு கலந்த சுண்ணாம்புக்கல் 250, 300 பாகையிலேயே இளஞ்சிவப்பாக மாறிவிடும். அந்த நிறம் கல்லின் தோலில் மட்டும் இருந்து உள்ளே பாலேட்டு நிறமாக இருந்தால் அது நெருப்புப் பட்ட கல். நிலத்துக்குக் கீழே புதைந்திருந்த கற்களுக்கு வெப்பம் அவ்வளவாக எட்டியிராது. நான் பார்த்த வளவுகளில் அவற்றிற் பெரும்பகுதி மீண்டும் பயன்பட்டது. ஒவ்வொன்றையும் தனித்தனியே தட்டிப் பார்த்தே சேர்த்தோம்.

பழைய குளக்கட்டுகளின் அருகிலும் காட்டிலும் கிடக்கும் செதுக்கிய தூண்கள், துருசுக் (மதகுக்) கற்கள் ஆகியவற்றை எடுப்பதை எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம். அவை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. நம் ஊர்களின் வயதைச் சொல்லும் சான்றுகளும் அவையே.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

பாறை உடைத்து விற்பதற்கு, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்கீழ், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஏற்றிவருவதற்கும் அனுமதி வேண்டும். அந்தப் பத்திரத்தைக் காட்டும்படி கேளுங்கள். குவாரிக்கே நேரில் போய்ப் பார்க்க முடியுமானால், பாறையின் மேற்பக்கத்து உக்கிய படை எவ்வளவு தடிப்பு, அதை ஒதுக்குகிறார்களா அல்லது நல்ல கல்லோடு கலந்து ஏற்றுகிறார்களா என்று கவனியுங்கள். அத்திவாரத்துக்கு ‘ஆறுக்கு ஒன்பது’ (அங்குலம்) அளவுக் கல்லைக் கேட்டு, டிப்பர் கொட்டும் நேரத்தில் நீங்கள் அங்கே இருங்கள். கல் உடைக்கும் இடத்தில் எழும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கல்லை நனைத்து உடைக்கச் சொல்லுங்கள்.

கல் நல்லதாக இருந்தும் வைத்த விதத்தால் கெட்டுப்போவது உண்டு. நைஸை வைக்கும்போது அதன் பட்டைகள் நிலத்துக்குக் கிடையாக, பாரம் மேலிருந்து பட்டைகளைச் சேர்த்து அழுத்தும்படி படுத்திருக்க வேண்டும். பட்டைகளை நிமிர்த்தி, சுவர் முகத்துக்கு இணையாக நிறுத்தினால் மழை புகுந்து தட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். தட்டையான முகம் வெளியே அழகாகத் தெரிய வேண்டுமென்று மேசன்மார் பலர் கல்லை நிமிர்த்தி வைக்கிறார்கள். முதல் வரிசை வைக்கும் நாளில் அருகில் நின்று, கல்லை நனைத்து, பட்டை ஓடும் திசையைச் சோக்கால் கோடிட்டுக் கொடுங்கள்.